கடலுக்கு ஒரு பிடி சோறு

இடது கையால் கப்பலின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். வலது கைக்குள் ஒரு பிடி சோறு. ராணி எனக்குப் பின்னால் நின்று என் புடவைக் கொசுவத்தை இடுப்போடு சேர்த்து முறுக்கிப் பிடித்திருந்தாள்.

கீழே கடல் இருக்கிறது என்பது சத்தத்தில்தான் தெரிந்தது. கண்ணுக்குக் கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அமாவாசை இருட்டு என்று வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

"போடுடி கஸ்தூரி, ஜல்தி போடு. நீ உள்ள வுழுந்தா உன் வூட்டுக்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நீ கெட்டியா புடிச்சா நான் ஏன் வுழறேன்?"

"புடிச்சுகினுதான் கீறேன். நீ இன்னா லேசுபட்ட ஒடம்பா?"

அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. ஆனால் என் இடுப்பில் இருந்த பிடியை இன்னும் இறுக்கினாள்.

எங்களுக்குப் பின்னால், மஞ்சள் விளக்குக்குக் கீழே இருந்த இரும்பு பெஞ்சில் எங்கள் சிநேகிதி தனலட்சுமி சாய்ந்து கிடந்தாள். கடல் காற்று அந்த அடி அடிக்கிறது, அவளுக்கு மட்டும் வியர்வை ஊற்றுகிறது. ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. "அவரு இன்னும் சாப்பிடல... அவரு இன்னும் சாப்பிடல..." என்று அதையே முனகிக்கொண்டிருந்தாள்.

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், முருகேசன் அண்ணன். அவர் காலமாகி அப்போது வருஷம்கூடத் திரும்பவில்லை.

என் கையில் இருக்கும் சோறு அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தனம் நம்பினால்தான் வாயைத் திறப்பாள். வாயைத் திறந்தால்தான் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போகும். போகாவிட்டால் விடிவதற்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் சர்க்கரைக்காரர்தான்.

அல்சூர் ஏரியைத் தாண்டி

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஜீவனஹள்ளிக் குழாயடியையும் தெருக்கோடி அம்மன் கோயிலையும் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்த இந்த அம்மா திடீரென்று நடுக்கடலுக்கு எப்படிப் போனாள் என்று கேட்பீர்கள். எனக்கே அது ஆச்சரியம்தான்.

பெங்களூரில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் அல்சூர் ஏரி. பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் தெருப் பிள்ளையாரை டெம்போவில் ஏற்றி அங்கேதான் கொண்டுபோய்க் கரைப்போம். சிறு வயதில் அந்த ஏரிதான் உலகத்திலேயே பெரிய தண்ணீர் என்று நினைத்திருந்தேன். அதில் பிள்ளையார் முங்கும்போது அழுவேன். என் அப்பா, "அழாத புள்ள, அவரு எங்கயும் போயிடல, தண்ணிக்குள்ள ஒக்காந்துகினுகீறாரு" என்பார். கார்ப்பரேஷன் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்ததில் பாதி மறந்துவிட்டது. அது மட்டும் மறக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான், ராணி, தனம். மூவருக்கும் ஒரே தெரு, கல்யாணமாகி வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். ராணி ரவிக்கை தைப்பவள். துணியை வெட்டுகிற வேகத்தில்தான் ஆளையும் வெட்டிப் பேசுவாள். தனம் கார்மெண்ட்ஸில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு நின்றவள். நாங்கள் மூன்று பேச்சு பேசினால் ஒரு பேச்சு பேசுவாள். வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை என்றால் எலுமிச்சம்பழம் நறுக்குவது ராணி, திரி போடுவது நான், கோலம் தனம். இதில் மாற்றம் கிடையாது. ஒருநாள் நான் கோலமாவைத் தொட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

தனத்துக்கு ஒரே பெண், கோமதி. அந்தமானில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போர்ட் பிளேரும் இல்லை, அங்கிருந்து ராத்திரி முழுக்கக் கப்பலில் போக வேண்டிய லிட்டில் அந்தமான் தீவு. மாப்பிள்ளைக்கு அங்கே கரண்ட் ஆபீஸில் வேலை. நம் தமிழ் ஆட்கள்தான், தாத்தா காலத்திலேயே போய்க் குடியேறியவர்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது. கோமதிக்கு நாள் நெருங்கிய நேரத்தில்தான் இங்கே அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நிலைமையில் பிரயாணம் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா முகத்தைப் பார்க்க அவளும் வரவில்லை, பிள்ளை முகத்தைப் பார்க்க இவளும் போகவில்லை. ஆண் குழந்தை. குழந்தை குப்புற விழுந்ததையும் போனில்தான் பார்த்தாள் தனம். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"இப்படியே போன்லயே தாலாட்டு பாடிகினு இருக்கப் போறியா? கெளம்பு, நாங்களும் வரோம்" என்று முடிவு கட்டியது ராணிதான்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்களா, கேட்டுக்கோ" என்றார். அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

போனில் அமாவாசை தெரியவில்லை

டிக்கெட் எல்லாம் போட்டது ராணியின் மகன். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆபீஸ் பஸ்ஸில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். சனி பார்த்தான், ஞாயிறு பார்த்தான், மழை வருமா என்றுகூடப் பார்த்தானாம். திதி பார்க்கவில்லை. நாங்களும் அவன் சொன்ன தேதியைக் கேட்டுத் தலையாட்டினோமே தவிர, வீட்டில் ஆணியில் தொங்குகிற நாள்காட்டியை யாரும் புரட்டவில்லை. பால் காய்ச்சுவதற்குக்கூட அதைப் பார்க்கிறவர்கள் நாங்கள்!

கப்பல் ஏறுகிற நாள் அமாவாசை என்று போர்ட் பிளேர் லாட்ஜில், முந்தின நாள் ராத்திரி, தனம் சொல்லித்தான் தெரிந்தது.

"அவ்ளோ பெரிய போன்ல ஒரு அமாவாசை காட்டாதா?" என்று ராணி மகனுக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

அமாவாசையில் கிளம்புவது நல்லதுதான். சங்கடம் அதில் இல்லை. தனம் அமாவாசைக்கு விரதம் இருப்பவள். காலையிலிருந்து பல்லில் ஒன்றும் படாமல் குளித்துச் சமைத்து, வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் காக்காய்க்கு வைப்பாள். காக்காய் எடுத்த பிறகுதான் அவள் சாப்பாடு. ஆண் பிள்ளை இல்லாத வீடு. அவருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் அவளே செய்தாள்.

அந்தக் காலையிலும் லாட்ஜில் சமைக்கிற அம்மாவிடம் கேட்டு, ஒரு ஓரத்து அடுப்பில் சோறு வடித்து, பருப்பு, நெய், எள்ளு சேர்த்துப் பிசைந்து மொட்டை மாடிக்கு எடுத்துப்போனாள். போன கையோடு மழை பிடித்தது. பெங்களூர் மழை மாதிரி வந்து மிரட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி நாள் பூராவும் கொட்டியது. காக்காய் என்ன, ஒரு ஈகூட வெளியே வரவில்லை.

சாயங்காலம் துறைமுகத்துக்குக் கிளம்புகிற அவசரம். நானும் ராணியும் பெட்டிகளைக் கீழே இறக்கிவிட்டு வந்து, "சாப்ட்டியா தனம்?" என்றோம்.

"ஆச்சு ஆச்சு, கெளம்புங்க."

மூன்று பேச்சுக்கு ஒரு பேச்சு பேசுகிறவள், இரண்டு முறை ஆச்சு என்றாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆட்டோக்காரன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

அவர் கேட்டது

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று எனக்கும் ராணிக்கும் மட்டும் தெரியும். இப்போது எழுதலாமா என்று தனத்தையே கேட்டேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

முருகேசன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாத நிலையில் இருந்தார். குடலில் ஆபரேஷன். கொடுத்தால் ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னது சரியான பேச்சு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கோ பசி. சாப்பாட்டுப் பிரியர் அவர். மீன் குழம்பு வைத்த அன்றைக்குத் தெருவுக்கே தெரிகிற மாதிரி சப்புக்கொட்டிச் சாப்பிடுவார்.

கடைசி ராத்திரி, "ஒரே ஒரு பிடி ரசம் சோறு குடு தனம்" என்று கேட்டிருக்கிறார். "காலைல டாக்டர் வந்ததும் கேட்டுட்டுத் தரேன்" என்று இவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறாள். டாக்டர் வருவதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

"பசியோட அனுப்பிட்டேன்டி" என்று காரியத்தன்று என் தோளில் சாய்ந்து சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அமாவாசைக்கு அமாவாசை மொட்டை மாடியில் நின்று காக்காயைக் கூப்பிடுவாள், அவ்வளவுதான்.

கப்பலுக்குள்

கப்பல் என்றதும் நான் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் ரயிலில் ஸ்லீப்பர் மாதிரி அடுக்கு அடுக்காகப் படுக்கை. ரெக்ஸின் மெத்தை. டீசல் வாடை. கீழே எங்கேயோ எஞ்சின் உறுமுவது முதுகெலும்பில் கேட்கிறது. காய்கறி மூட்டை, ஃபேன் பெட்டி, கைக்குழந்தை என்று ஜனங்கள் பழகின மாதிரி வந்து படுத்துக்கொண்டார்கள். நாங்கள் மட்டும்தான் சாமி கும்பிட்டு ஏறினோம்.

துறைமுகம் தாண்டியதும் ஆட ஆரம்பித்தது. ராணி வாந்திக்கு வைத்திருந்த கவரை வாயில் வைத்தவள் எடுக்கவில்லை. நடுவில் தலையைத் தூக்கி, "ஏய், நான் செத்துட்டா அந்தக் கல்யாணப் பொண்ணு ரவிக்கை, கொக்கி வைக்கணும், எம் மருமககிட்ட சொல்லிடு" என்றாள். எனக்குச் சிரிப்பு.

தனத்தின் போனில் மணி அடித்தது. ராத்திரி சர்க்கரை மாத்திரைக்கு மகள் எப்போதோ வைத்துக் கொடுத்த மணி. அடித்ததும் கை தானாகப் பைக்குள் போனது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நானும் கண்ணை மூடினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் யாரோ முனகுகிற சத்தம். கையை நீட்டித் தனத்தின் தோளைத் தொட்டேன். ஈரத் துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. சில்லென்ற ஈரம்.

"தனம், என்னாம்மா செய்யுது?"

"கோமதி, மாடிக் கதவத் தொறடி. மழை நின்னுடுச்சு. காக்கா வந்திருக்கும்."

என்னைக் கோமதி என்கிறாள். லாட்ஜ் மாடியில் இருப்பதாக நினைக்கிறாள். என் வீட்டுக்காரருக்கும் ஒருமுறை சர்க்கரை இறங்கி இப்படித்தான் ஆனது. வேர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு. அன்றைக்குப் பக்கத்தில் டாக்டர் இருந்தார்.

இனிப்பாக ஏதாவது இருக்குமா என்று அவள் பைக்குள் கைவிட்டேன். டப்பா தட்டுப்பட்டது. திறந்தேன். காலையில் பிசைந்த சோறு, ஒரு பருக்கை குறையாமல் அப்படியே இருந்தது.

காலையில் மாத்திரை. ராத்திரி மாத்திரை. நடுவில் ஒரு டம்ளர் காபி. அவ்வளவுதான் அவள் வயிற்றில்.

"ராணி! எழுந்திரு! இவ சாப்பிடவே இல்லடி!"

ராணிக்கு வாந்தி எங்கே போனதோ தெரியவில்லை. குழந்தை வீட்டுக்கு என்று பெங்களூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மைசூர்பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டை உதிர்த்துத் தனத்தின் வாயில் வைத்தாள். தனம் தூவென்று துப்பினாள். ராணியின் கையிலேயே ஓர் அடி வைத்தாள்.

"அவரு சாப்பிடாம நானா? இன்னா மனுசிங்கடி நீங்க?"

சொல்லிக்கொண்டே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். நிற்க முடியாத கால், ஆடுகிற கப்பல். மாடிக்குப் போகிறாளாம். ஆளுக்கொரு கையைப் பிடித்தோமே தவிர நிறுத்த முடியவில்லை. அப்படியே படி ஏறி மேல்தளத்துக்கு வந்துவிட்டோம். அந்தப் பெஞ்சில் அவளே சரிந்து உட்கார்ந்தாள்.

ராணி ஓடிப்போய்க் கேன்டீன் கதவைத் தட்டினாள். அவளுக்கு இந்தி வராது. "சக்கர்! சக்கர்!" என்று கத்திய கத்தலில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பெங்காலிக்காரர் என்னமோ ஏதோ என்று பயந்து எழுந்து, கண்ணாடி டம்ளரில் சர்க்கரையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டே, கையில் டார்ச்சோடு அவரும் மேலே வந்துவிட்டார்.

டம்ளர் வந்தது. வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டுகிறாள். பலவந்தமாக ஊற்றினால் புரையேறும். கண் செருக ஆரம்பித்துவிட்டது.

"ஜல்தி கரோ மாஜி," சீக்கிரம் செய்யுங்கள் அம்மா என்று அவசரப்படுத்தினார் கேன்டீன்காரர். அவருக்கும் புரிந்துவிட்டது.

வாங்கிக்கொண்டவர்

தாயே, என்றேன். வேறு எந்த மந்திரமும் வாயில் வரவில்லை. முப்பது வருஷமாக உனக்குத் திரி போட்டிருக்கிறேனே, இந்த நடுக்கடலில் நான் காக்காய்க்கு எங்கே போவேன் என்று கேட்டேன். கேட்டேன் என்றால் சண்டை போட்டேன்.

அப்போதுதான் ராமேஸ்வரம் ஞாபகத்துக்கு வந்தது. மாமனார் திதிக்குப் போயிருந்தோம். பிண்டத்தை இலையோடு எடுத்துப்போய்க் கடலில் போடச் சொன்னார் அய்யர். என் வீட்டுக்காரர் காக்காய்க்கு வைக்க வேண்டாமா என்று கேட்டார். தண்ணீரில் போட்டாலும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், மீன் எடுக்கும் என்று சொல்லிவிட்டு அய்யர் அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டார். இத்தனை வருஷம் அந்தப் பேச்சு எனக்குள்ளே எந்த மூலையில் கிடந்ததோ!

தனத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"தனம், இங்க பாரு. கடல்ல காக்கா கெடையாது. கடல்ல குடுத்தா மீன்தான் வாங்கும். ராமேஸ்வரத்துல அப்படித்தான் செஞ்சோம். அண்ணனுக்கு இப்போ இங்கயே குடுத்துடலாம். நீ உருண்டையைத் தொட்டுக் குடு, நான் போடறேன்."

அவள் கண் கொஞ்சம் நின்றது. டப்பாவை நீட்டினேன். நடுங்குகிற விரலால் சோற்றைத் தொட்டாள். லேசாகப் புளித்த வாடை வந்தது. எள்ளு வாசனை இன்னும் இருந்தது. ஒரு பிடி எடுத்துக்கொண்டு கம்பியோரம் போனேன். ராணி கொசுவத்தைப் பிடித்தாள். அந்த இடத்தில்தான் இந்த வாரம் ஆரம்பித்தேன்.

"முருகேசன் அண்ணா, உங்க தனம் குடுக்குது, வாங்கிக்கோங்க" என்று சத்தமாகவே சொல்லிக் கையை விட்டேன்.

கேன்டீன்காரர் கேட்காமலேயே டார்ச்சைக் கீழே அடித்தார். நுரை. கப்பல் கிழித்துக்கொண்டு போகிற வெள்ளை நுரை. வெளிச்சத்துக்குள்ளே சோற்று உருண்டை விழுவது தெரிந்தது. ஏதோ ஒன்று பளிச்சென்று புரண்டது. அலையின் முதுகா, மீனின் முதுகா, இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

"எடுத்துச்சு! எடுத்துச்சு! தனம், இம்மாம் பெரிய மீனுடி! லபக்குனு எடுத்துச்சு!" என்று ராணி குதித்தாள்.

தனம் ராணியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இவ இன்னா வேணா சொல்லுவா. கஸ்தூரி, நீ சொல்லு. நீ சாமிக்கு வெளக்கு வைக்கிறவ. எடுத்துச்சா?"

என் வாழ்க்கையில் இத்தனை கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று, அதுவும் போனவர் பேரில், எப்படிச் சொல்வேன்? என் பொய் அவள் விரதத்தின் மேல் விழாதா? பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"சோறு வுழுந்துச்சு தனம். வெளிச்சத்துல பார்த்துகினே இருந்தேன். மேல வரல. ஒரு பருக்கைகூட மெதக்கல. திருப்பி அனுப்பல. வாங்கிக்கினாரு."

தனம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதி புடவையில், பாதி உள்ளே. ராணி, "இன்னும் ஒரு வாய், என் ராசாத்தி இல்ல, இன்னும் ஒரு வாய்" என்று பிள்ளைக்கு ஊட்டுவது போல் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கேன்டீன்காரர் இன்னொரு டம்ளர் கலக்கிக்கொண்டு வந்தார். அதுவும் போனது.

அப்புறம் காத்திருந்தோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் நிற்கிறதா, நிற்கிறதா என்று அதையே பார்த்தேன். வேர்வை மெல்ல அடங்கியது. உள்ளங்கையில் சூடு திரும்பியது.

"ஏண்டி," என்றாள் தனம், பழைய குரலில். "பனிக் காத்துல இன்னாத்துக்கு என்னை இங்க கொண்டாந்து ஒக்கார வெச்சுக்கீறீங்க?"

ராணி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே வையவும் செய்தாள். "நாங்களா கொண்டாந்தோம்? நீதான்டி எங்களை இழுத்துகினு வந்த! காக்கா பார்க்க வந்தியாம், மூதேவி!"

நான் எழுந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றேன். கும்பிடலாம் என்று கையைத் தூக்கினால் விரலெல்லாம் சோற்றுப் பருக்கை. அப்படியே கும்பிட்டேன். தாய் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

பிறகு தனம் தானாகவே மைசூர்பாக்கு கேட்டாள். பிஸ்கெட் சாப்பிட்டாள். கேன்டீன்காரர் தன் சாப்பாட்டிலிருந்து வைத்திருந்த இரண்டு சப்பாத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார், அதையும் சாப்பிட்டாள். டப்பாவில் மீதி இருந்த சோற்றைக் கடலுக்கே கொடுத்துவிட்டோம். கீழே கூட்டிப்போய்ப் படுக்க வைத்ததும் நன்றாகத் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. அடிக்கடி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டபோதெல்லாம் காய்ந்திருந்தது. மனதுக்குள் இருந்த ஒரு பெரிய பாறாங்கல்லை யாரோ மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போனார்கள்.

கரை

இதைப் படிக்கிற சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தீவில் இறங்கியதும் அங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா தனத்தை மட்டும் இல்லை, எங்கள் மூவரையும் நிற்க வைத்துத் திட்டினார். விரதம் இருப்பதென்றால் மாத்திரையை என்ன செய்வது என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். எனக்குச் சாமி எவ்வளவு பெரியதோ அதே அளவு அந்தப் பேச்சும் பெரியது. தனம் இப்போது அமாவாசை அன்று காலையிலேயே இட்லி சாப்பிட்டுவிடுகிறாள். அவருக்குச் செய்வதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி அப்புறம். முதலில் கரையைச் சொல்ல வேண்டும்.

விடியும்போது ஆட்டம் நின்றிருந்தது. மேலே வந்து பார்த்தோம். தண்ணீர் பச்சையாக இருந்தது. அதற்கு அப்பால் தென்னைமரமாக ஒரு கோடு. கோடு கிட்டே வர வர, துறையில் நிற்கிற ஆட்கள் தெரிந்தார்கள். மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், தோளில் வெள்ளைத் துணி. துணிக்குள் ஏதோ அசைந்தது.

தனம் இறங்குகிற வரிசையில் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். ராத்திரி நிற்க முடியாத காலா இது என்று இருந்தது. கோமதி ஓடி வந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா போன பிறகு இப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டோம்.

குழந்தை கை மாறியது. அது தனத்தின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாப் பெண்களும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

தனம் பேரனை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"சாப்ட்டேன்டி. அப்பாவும் சாப்ட்டாரு."